காப்பும் மாத்திரையும்

கேரள ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த சிவசங்கரியை உள்ளேயிருந்து கவுன்சலர் ஜிஸ்மி கூப்பிட்டாள். தமிழ் ஆள் வந்துவிட்டால் இப்படித்தான். துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய் இருவருக்கும் நடுவில் உட்கார வேண்டும். துப்புரவு வேலைக்குத் தற்காலிகமாக எடுத்தவள். இரண்டு மொழி தெரிந்த பாவத்துக்கு இது சம்பளமில்லாத உபரி.

உள்ளே குருவம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஆனைக்கரைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவள். மகன் ராக்கப்பன் பைக்கிலிருந்து விழுந்து செத்ததிலிருந்து உறக்கம் போயிற்று. செடிக்கடியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. போன மாதம் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மலையாளம் நாலு வார்த்தை தெரியும், மனசைச் சொல்ல அது காணாது.

"உறங்குறாங்களா?" என்று ஜிஸ்மி மலையாளத்தில் கேட்டாள். சிவசங்கரி அதைத் தமிழில் கேட்டாள்.

"எங்குட்டு ஒறங்க? எட்டு நாளா மாத்திர திங்கல தாயி. காப்புக் கட்டிருக்கேன்ல." குருவம்மாள் மஞ்சள் கயிறு கட்டிய மணிக்கட்டை நீட்டினாள். "போன வருசம் மவன் செத்த தீட்டு. கோயில் வாசல மிதிக்கல. இந்த வருசம் தீச்சட்டி எடுத்தா ஆத்தா எம்மேல வருவா. எம்மவன் எங்க இருக்கான்னு அவகிட்டத்தான் கேக்கணும். மாத்திர தின்னா கட்டையாட்டம் கெடக்கேன், அவ எப்படி வருவா? காப்பு அவுக்குற வரைக்கும் மாத்திர வேணாம்னா ஒத்துக்கிடுவாகளான்னு கேட்டுச் சொல்லு."

சிவசங்கரி ஜிஸ்மி பக்கம் திரும்பினாள். போன வாரம் நர்ஸ் அறையில் ஒரு போன் கைமாறியது. தோட்டத்துத் திருவிழாவில் ஒருத்தி முடியை விரித்துச் சாமியாடும் வீடியோ. "பாண்டிகளின் கூத்து" என்று தமிழாட்களை இளக்காரமாக யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சிவசங்கரியும் சேர்ந்து சிரித்தாள். அவளைப் பெற்றவளும் அப்படி ஆடினவள்தான்.

"மாத்திரை சாப்பிட்டும் உறக்கம் இல்லையாம்," என்றாள் மலையாளத்தில்.

ஜிஸ்மி எழுதிக்கொண்டாள். "சாமி நம்பிக்கை, நேர்ச்சை, விரதம் ஏதாவது உண்டான்னும் கேளுங்க சேச்சி. அவங்க எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு தெரியாம நான் என்ன பேச?"

"அப்படி விசேஷமா ஒண்ணும் இல்ல," என்றாள் சிவசங்கரி, கேட்காமலே.

குறிப்பைப் பார்த்த டாக்டர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார்.

வெளியே பெஞ்சில் குருவம்மாள் மருந்து உறையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "காப்பு விசயம் கேட்டியா தாயி?"

இப்போதும் திரும்பிப் போய்ச் சொல்லலாம். கதவு வரை போனாள். உள்ளே இரண்டு நர்ஸ்கள் நின்றிருந்தார்கள். கூசிப்போய்த் திரும்பி வந்தாள்.

"கேட்டேன் பெரியம்மா. மாத்திர கட்டாயம் திங்கணும்னுட்டாங்க."

குருவம்மாள் மணிக்கட்டுக் கயிற்றைத் தடவினாள். "காப்போட இத முழுங்கினா ஆத்தாவுக்குக் குத்தம். முழுங்காட்டி படிச்சவுக சொல்ல மீறுனது. வேலைக்கு எந்திரிச்சுப் போயாகணுமே. நீயே அறுத்துரு தாயி, எங்கையால ஆகாது."

கட்டுப்போடும் அறையிலிருந்து சிவசங்கரி கத்தரிக்கோல் எடுத்து வந்தாள். கயிறு ஒரே வெட்டில் போயிற்று. தோலில் மஞ்சள் தடம் மட்டும் வளையமாக நின்றது.

"எம்பேச்ச அப்படியே எடுத்துச் சொன்ன. நல்லா இருப்ப," என்றாள் குருவம்மாள். சிவசங்கரிக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

அடுத்த டோக்கனைக் கூப்பிட வந்த ஜிஸ்மி நின்றாள். "சேச்சி, இவங்க கையில மஞ்சள் கயிறு இருந்துச்சே, அது விரதமா? நானும் இப்ப ஈஸ்டருக்கு நோன்புதான். விரதம்னா டாக்டர்கிட்ட சொல்லி ஏதாவது வழி பண்ணியிருக்கலாமே."

குருவம்மாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்லுறாக?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சாம் பெரியம்மா."

குருவம்மாள் எழுந்து, வெறுங்கையிரண்டையும் கூப்பி ஜிஸ்மியைக் கும்பிட்டாள்.