நெற்றியில் பூத்த வெள்ளை

கடைக்காரர்கள் என்றாலே வாங்க வருகிறவர்கள் தலையில் எதையாவது கட்டப் பார்ப்பவர்கள் என்பது வேல்விழியின் தீர்மானமான முடிவு. அதனால்தான் தென்காசியில் ஓவியச் சாமான் கடை வைத்திருக்கும் கடற்கரை அண்ணாச்சி, அவள் கேட்காமலே எண்ணெய்ப் பென்சில் பெட்டியை எடுத்து வைத்ததும் உஷாராகிவிட்டாள். அவள் கேட்டது மெழுகு வண்ணப் பென்சில். தாளில் வெண்ணெயாக இறங்கும். ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை ஏற்றினால் முரண்டு பிடிக்காமல் கலக்கும்.

அண்ணாச்சி அவள் கொண்டுவந்திருந்த போட்டோவைப் பார்த்தார். ராணுவ உடுப்பு, கருப்புத் தொப்பி, கருத்த முகம், அதைவிடக் கருத்த மீசை. இத்தனை இருட்டு நிறத்துக்கு மெழுகு சரிப்படாது, அதிலும் சாரல் நேரத்தில், என்று ஆரம்பித்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. எண்ணெய்ப் பென்சில் விலை இரண்டு மடங்கு. வேறு காரணம் எதற்கு? நிறங்களைக் குழைக்க டர்பன்டைன் தொட்ட பஞ்சே போதும் என்றார். அதையும் ஒதுக்கிவிட்டு, அதே வேலைக்கு நிறமில்லாத பிளெண்டர் பென்சில் இரண்டு வாங்கினாள். கடைசியாக, முடித்த படத்தின் மேல் அடிக்கிற ஸ்பிரே ஒன்றை நீட்டினார். அது உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு குத்துக்கல்வலசைக்கு பஸ் ஏறினாள்.

படம் நாச்சியார் என்ற கடையத்துப் பெண் கேட்டது. சீசனில் வேல்விழி குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குளிக்க வருகிறவர்களைப் பத்து நிமிஷத்தில் வரைந்து கொடுப்பாள். ஈரத் தலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த நாச்சியார், செல்போனில் தன் கணவன் இசக்கிதுரையின் போட்டோவைக் காட்டினாள். ஆள் எல்லையில் இருக்கிறான். ஆவணியில் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு லீவில் வருகிறான். முன்னறையில் அவன் படம் தொங்க வேண்டும்.

"மாலை போடுத படம் மாதிரி மட்டும் இருந்துரக் கூடாதுக்கா. அவுக நிக்கிற இடம் அப்படி. எனக்கு எதைக் கண்டாலும் பயமா இருக்கு."

வேல்விழி வாக்குக் கொடுத்தாள். இந்தப் படம் நன்றாக அமைந்தால் கடையத்தில் ராணுவ வீடுகள் நிறைய உண்டு என்ற கணக்கும் மனசுக்குள் ஓடியது.

பன்னிரண்டு நாள் வரைந்தாள். கறுப்பை அழுத்தி அழுத்தி ஏற்றினாள். நெற்றிக்குக் கரும்பழுப்பு கொடுத்து, பிளெண்டர் பென்சிலை இடமிருந்து வலமாக மூன்று பட்டையாக ஓட்டிக் குழைத்தாள். முகம் எழுந்து வந்து அவளையே பார்த்தது. மேஜைமேல் சுவரோடு சாய்த்து வைத்தாள்.

குத்துக்கல்வலசை வீட்டில் இப்போது இரண்டே பெண்கள். வேல்விழியின் கணவன் புவனேஷுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அவன் அண்ணன் பாண்டித்துரை போலீஸ் ஏட்டாக இருந்தவர், நெஞ்சுவலியில் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவர் மனைவி முத்துச்செல்விதான் மற்றவள். வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்குக் குளித்துவிட்டு, வீட்டில் உள்ள எல்லாப் படங்களுக்கும் திருநீறு பூசுவாள். சாமிகளில் ஆரம்பித்து, உடுப்பில் நிற்கும் கணவன் படத்தில் முடிப்பாள். புதுப் படத்தின் முன்னும் அவள் வெகுநேரம் நின்றாள். மீசை அவருடையதைப் போலவே இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மறுவாரம் சனிக்கிழமை காலையில் பார்த்தால், இசக்கிதுரையின் நெற்றியில் வெள்ளையாக மூன்று கீற்று.

வேல்விழி படத்தைக் கையில் எடுத்தாள். உயிரோடு இருக்கிற மனுஷன் படத்துக்குத் திருநீறு! பஞ்சால் மெல்லத் துடைத்தாள், வந்துவிட்டது. விரலில் தேய்த்தபோது வழுக்கியது. திருநீறு வழுக்குமா என்று கேட்டுக்கொள்ள அவளுக்கு நேரம் இல்லை, ஏனென்றால் அதற்குள் ஆளைப் பிடித்தாகிவிட்டது.

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே துப்பறிய ஆரம்பித்தாள். முத்துச்செல்வி துடைப்பத்தோடு அந்த அறைக்குள் போனால் பின்னாலேயே போனாள். திருநீற்றுக் கிண்ணத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். படத்தை ஒரு அட்டை உறைக்குள் வைத்து, உறையின் வாயில் தன் தலைமுடி ஒன்றை ஒட்டி வைத்தாள். அடுத்த சனிக்கிழமை முடியைக் காணோம், நெற்றியில் கீற்று இருந்தது. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்ததை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

நேரே அடுப்படிக்குப் போனாள்.

"எக்கா, உங்க புருஷன் போயிட்டாருன்னா, அடுத்தவ புருஷனுக்கும் துண்ணூறு பூசணுமா?"

முத்துச்செல்வி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல், தண்ணீரை வடித்துவிட்டு உலையில் போட்டாள். மறுத்துப் பேசாததே வேல்விழிக்குச் சாட்சியாகப் போயிற்று. படத்தைத் துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். அதன்பின் இரண்டு வாரம் இருவரும் உப்பு, புளி பற்றி மட்டுமே பேசினார்கள்.

பால்காய்ப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது, மாலையில் பீரோவைத் திறந்தாள். மூன்று கீற்றும் இருந்தன. தொப்பியிலும் மீசையிலும்கூட மெல்லிய வெள்ளை படர்ந்திருந்தது. சாவி அவள் கழுத்தில் இருந்தது.

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றாள். கடற்கரை அண்ணாச்சி படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"மெழுகு பூத்திருக்கு தங்கச்சி. கறுப்பை அழுத்திப் போட்டா, நாள்பட மேல வந்து வெள்ளையா நிக்கும். பிளெண்டர் பென்சிலும் மெழுகுதான். நீ இழுத்த பக்கமே கோடு விழுந்திருக்கு. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீ நிக்கலையே."

பஞ்சால் துடைத்துவிட்டு, இனிப் பூக்காதபடி அவரே ஸ்பிரேயை இரண்டு தடவை அடித்தார். இசக்கிதுரையின் நெற்றி கழுவினாற்போலத் துலங்கியது. அங்கிருந்தே கடையம் பஸ்ஸில் ஏறிப் போய்ப் படத்தைக் கொடுத்தாள். நாச்சியார் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேல்விழிக்குச் சந்தோஷம் வரவில்லை. அடுப்படியில் கேட்ட கேள்விதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் முன்னறைச் சுவரைப் பார்த்தாள். முருகன், லட்சுமி, பிள்ளையார், யார் நெற்றியிலும் திருநீறு இல்லை. பாண்டித்துரையின் கண்ணாடிச் சட்டத்தில் தூசி படிந்திருந்தது. மூன்று வருஷத்தில் அந்தப் படம் இப்படி இருந்து அவள் பார்த்ததில்லை. தினமும் இந்தச் சுவரைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறாள். திருட்டைப் பிடிக்கிற கண்ணுக்கு இது தெரியவில்லை.

முத்துச்செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வேல்விழி எதிரே உட்கார்ந்து, மெழுகு, பிளெண்டர், பீரோ எல்லாவற்றையும் குனிந்த தலையோடு ஒப்பித்தாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் அக்கா என்றாள்.

முத்துச்செல்வி மடித்த சேலையை மறுபடி பிரித்தாள்.

"அப்பம் நான் பூசலையா?"

வேல்விழிக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ கேட்ட அன்னைக்கு இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன். அந்தப் படத்தைப் பார்க்கயில எல்லாம் எனக்கு அவுக மொகமாத்தான் தெரிஞ்சுது. நெனவில்லாம பூசிட்டனோன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. அந்தப் பிள்ளையோட புருஷனுக்கு ஒண்ணு ஆயிட்டா எங்கன போய்ச் சொல்லுவேன்? அதுக்குப் பெறவு இந்தக் கைய நம்பி ஒரு படத்தையும் தொடல."

வேல்விழி எழுந்துபோய்த் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்து நீட்டினாள். முத்துச்செல்வி மூன்று விரலை அதில் வைத்தாள். முன்னறைப் படங்களுக்கு முன்னால் போய் நின்றவள் சட்டென்று திரும்பி, "நீ பக்கத்துலயே நின்னு பாத்துக்கிடுதியா?" என்று கேட்டாள்.