வைப்பர் தண்டில் சந்தனம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. யாருடைய கோபம் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். எடுத்த எடுப்பிலேயே சொன்னால் மானம் போய்விடும்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘கடலூர் முதுநகரில் மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்த ஒரு...’

சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தடவை: ‘நித்யா மேரியின் புருஷன் குடிகாரன். அதனால்தான் அவள் ஸ்பேனரை...’

இதையும் அடித்தேன். அவள் புருஷன் லூர்து பிரகாஷ், பக்கத்துக் குடிகாடு ஊரிலிருக்கும் கம்பெனியில் ஷிப்ட் முடித்ததும் நேரே அவள் ஷெட்டுக்கு வந்து, "சாப்ட்டியாடி?" என்று டிபன் டப்பாவைத் திறக்கிற மனுஷன். அவனைக் குடிகாரனாக்க நான் யார்? கஷ்டம் வந்தால்தான் ஒரு பொம்பளை ஸ்பேனரைத் தொடணுமா? அவளுக்கு வண்டி வேலை பிடிக்கும், செய்கிறாள்.

2

பதினோரு வருஷம் அடுத்தவர் ஒர்க்ஷாப்பில் கிடந்துவிட்டு, போன மாசம்தான் நித்யா கடலூர் முதுநகரில் சொந்த ஷெட் போட்டாள். அன்றிலிருந்து வந்ததெல்லாம் ஸ்கூட்டி பஞ்சர். முதல் கார் சிதம்பரத்திலிருந்து வந்தது. உத்திராபதி என்பவருடைய அறுபத்தொன்பது மாடல் பியட்.

"வைப்பர் ஓடலம்மா. மோட்டார் போயிடிச்சின்னு ரெண்டு பேரு சொல்லிட்டாங்க. வேற போட்டுடு."

இந்த வண்டி சரியானால் சிதம்பரத்துப் பழைய கார்க்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். சொதப்பினால் மறுபடி பஞ்சர்தான். நித்யாவுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் மோட்டாரை மாற்றவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, மோட்டாரையும் வைப்பரையும் இணைக்கிற கம்பியைக் கழற்றிவிட்டு, சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஜம்மென்று சுற்றியது.

"அதான பாத்தேன்!" என்றாள் தனக்குள்.

வைப்பர் கை மாட்டியிருக்கும் தண்டைக்* கையால் திருப்பினாள். அசையவில்லை. கழற்றிச் சுரண்டியபோது மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாள். சந்தனம்! தண்டைச் சுற்றியிருக்க வேண்டிய ரப்பர் வாஷர் எப்போதோ போய்விட்டது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதன் தலையில் வைத்த பொட்டு, தண்ணீரோடு உள்ளே இறங்கி, சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. தண்டு திரும்பாததால் மோட்டார் முட்டி முட்டி, கம்பி முனையில் வளையமாக மாட்டியிருந்த புஷ்ஷும் தேய்ந்துவிட்டது.

(* கண்ணாடிக்குக் கீழே, வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். அதற்கு என்ன வேலை என்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது.)

அந்த புஷ் எந்தக் கடையிலும் இல்லை. துறைமுகத்தில் மீன்பிடி போட்டுகளுக்குச் சாமான் கடைந்து தரும் லேத் பட்டறைக்குப் போய், பக்கத்திலேயே நின்று, பித்தளையில் கடைந்து வாங்கி வந்தாள். சுவிட்சை அணைத்தால் மோட்டார் வந்து நிற்குமே, அந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் வைப்பர் கையை மாட்டினாள். மயிரிழை தள்ளி நின்றது. கழற்றி மாட்டினாள். அப்போதும் திருப்தியில்லை. மூன்றாவது தடவை இரண்டு வைப்பர் கையும் கண்ணாடியின் அடியோரம் சமமாகப் படுத்தன. எத்தனையோ மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பொறுமையைப் பார்த்ததில்லை.

இனிமேல்தான் அவளுக்குச் சங்கடம். காரணத்தைச் சொன்னால், ‘சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு நம்ம பூஜையில குத்தம் சொல்லுது’ என்று ஆகிவிடுமோ? சொல்லாவிட்டால் ரெண்டு மூணு பூஜையில் மறுபடி இறுகும். முதல் கார் கஸ்டமர் வேறு.

சொன்னாள்.

"சார், கோவிச்சிக்காதீங்க. நீங்க வைக்கிற சந்தனந்தான் உள்ள எறங்கி இறுகிக்கிச்சி. புது வாஷர் போட்டிருக்கேன். பானட்டுல வைங்க, ஸ்டீரிங்குல வைங்க. இங்க மட்டும் வேணாம் சார்."

உத்திராபதி சிரித்தார். "நல்லவேளை சொன்னம்மா" என்று கைகூப்பினார்.

3

பொய். அவர் கைகூப்பவில்லை.

உத்திராபதி என்று யாரும் இல்லை. அந்தப் பியட் என்னுடையது. நான் சொன்னது இது:

"வண்டிய ரிப்பேர் பண்ணச் சொன்னா, பூஜையில குத்தம் கண்டுபுடிக்கிறியா?"

ரோட்டுக்கே கேட்டிருக்கும். நித்யாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கண்ணாடியில் இருந்த தன் கைரேகையைத் துணியால் துடைத்துவிட்டுச் சாவியை நீட்டினாள்.

சிதம்பரம் திரும்பும் வழியில், புதுச்சத்திரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. (பார்த்தீர்களா, கடைசியில் வந்தேவிட்டது.) சுவிட்சைப் போட்டேன். வைப்பர் சத்தமில்லாமல் வழித்துக் கொடுத்தது. வீடு வரைக்கும் பாதை பளிச்சென்று தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

4

நேற்று கண்ணாயிரம் போன் செய்தார். அம்பாசடர் வைத்திருப்பவர். சிதம்பரத்துப் பழைய கார்க்காரர்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள்.

"மாமா, அந்தக் கடலூர் பொண்ணு எப்பிடி? வண்டிய உடலாமா?"

"பாக்கலாம்" என்றேன்.

[அந்த ஒரு வார்த்தையில் அவள் ஷெட்டுக்குப் பாதிப் பூட்டுப் போட்டுவிட்டேன்.]

அதற்குப் பரிகாரமாகத்தான் இந்தக் கதை. அவளை மனசாரப் புகழ்ந்து எழுதிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். எங்கே தீரும்? கதை படித்து யார் கார் அனுப்பப் போகிறார்கள்?

முடிவு ஒன்று: நான் கடலூருக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன், அவள் டீ வாங்கித்...

வேண்டாம். இது எனக்குச் சௌகரியமான முடிவு.

முடிவு இரண்டு: பஞ்சர் மட்டும் ஒட்டி ஒட்டி, ஒருநாள் அவள் ஷெட்டை...

ஐயோ, இதை எழுதக் கை வரவில்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாயிரத்துக்குப் போன் போட்டிருக்கிறேன். "சொல்லுங்க மாமா" என்கிறார். "அந்தப் பொண்ணு வேலை சுத்தம்ப்பா, கண்ண மூடிக்கிட்டு உடு" என்று சொல்லிவிட்டேன். அது சுலபமாக வந்துவிட்டது.

"அப்பறம் ஏன் மாமா நேத்து இழுத்தீங்க? என்னா பண்ணிச்சி அந்தப் பொண்ணு?" என்று கேட்கிறார்.

அவள் ஒன்றும் பண்ணவில்லை. பண்ணினது நான். அதைச் சொல்ல வாய் திறந்திருக்கிறேன். என் இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்களோ, இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம். கண்ணாயிரம், "ஹலோ? மாமா, லைன்ல இருக்கீங்களா?" என்கிறார்.