முழங்காலளவு மண்

1908 அக்டோபரில், லண்டன் ஒலிம்பிக்கின் ரக்பி ஆட்டத்தில், பிரிட்டனுக்காக இறங்கிய கார்ன்வால் மாவட்ட அணியின் பதினைந்து பேரும் முழங்கால்வரை மண்ணில் புதைந்தபடி ஆடினார்கள். மைதானம் சேறாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அதே சேற்றில் ஆஸ்திரேலியர்கள் முயல்களைப் போல ஓடியதற்கு அவை காரணம் சொல்லவில்லை.

காரணம் லவ்டே ட்ரெம்பாத். ட்ரெவெல்லா வெள்ளீயச் சுரங்கத்தின் வாசலில் சுத்தியலால் கல் உடைப்பவள். அவள் தம்பி ஜோரி அந்த வருடம் கார்ன்வாலுக்காக ஆடி இங்கிலாந்தின் மாவட்டப் போட்டியை ஜெயித்தவன். ஒலிம்பிக்குக்கும் அவன் பெயர்தான் இருந்தது. சுரங்க முதலாளி கார்லியன் அவனுக்கு விடுப்பு தரவில்லை. போனால் வேலையும் வீடும் போகும் என்றார். மறுவாரம் அந்த இடத்தில் அவருடைய மகன் டிக்பியின் பெயர் வந்தது.

"விடுக்கா, நம்ம நேரம்" என்றான் ஜோரி.

"நான் விட்டாலும் பூமி விடாதுடா" என்றாள் லவ்டே.

லண்டனுக்குப் போகுமுன், கறுப்பும் பொன்னிறமுமான கார்ன்வால் ஜெர்சியோடு டிக்பி சுரங்கத்துக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டான். அதுவரை அவன் கீழே இறங்கியதில்லை. லவ்டே அவனுக்கென்று மாவுக்குள் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்து ஒரு பேஸ்ட்டி சுட்டு அனுப்பியிருந்தாள். பூமிக்குள் உட்கார்ந்து பேஸ்ட்டி தின்கிறவன் அதன் ஓரத்தைப் பாறைக்குள் வாழும் குள்ளர்களுக்குப் போட்டுவிட வேண்டும். பாறை சரியுமுன் தட்டி எச்சரிப்பவர்கள் அவர்கள்தான். டிக்பி ஓரத்தையும் தின்றுவிட்டு விரலை நக்கினான். சுற்றி நின்ற ஒருவரும் தடுக்கவில்லை. பாறைக்குள் கேட்டுக்கொண்டிருந்த தட்டல் நின்றது.

"முடிஞ்சுதுலே சோலி" என்றார் ஒரு கிழவர், மெழுகுவர்த்தியைப் பார்த்தபடி.

லவ்டே ஒன்றை யோசிக்கவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குள்ளர்களுக்கு முகம் தெரியாது, துணிதான் தெரியும். அவர்கள் லண்டன்வரை மண்ணுக்கடியிலேயே போய், அந்த ஜெர்சி போட்ட பதினைந்து பேரின் கால்களையும் பிடித்துக்கொண்டார்கள். ரயிலேறி ஆட்டம் பார்க்கப் போனவர்கள், "காலைத் தூக்குங்கலே! நட்டு வச்ச கம்பமாட்டம் நிக்கிறீங்களே!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். முப்பத்திரண்டுக்கு மூன்று என்று கார்ன்வால் தோற்றது. போட்டிக்கு வந்ததே இரண்டு அணிகள் என்பதால் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதையும் அவர்கள் புதைந்தபடியே வாங்கிக்கொண்டார்கள்.

ஜோரி அன்றுதான் அழுதான். "ஒருத்தனுக்கு வெட்டின குழியில எங்கூட ஆடின பதினாலு பேரையும் தள்ளிட்டியேக்கா."

லவ்டே மாவு பிசைந்தாள். பதினான்கு பேஸ்ட்டிகள் சுட்டாள். பதினான்கு பேரும் சுரங்கத்தில் இறங்கித் தின்று, ஓரத்தைப் பாறையருகே போட்டார்கள். மேலே வந்தபோது அவர்களுடைய கால்கள் தரைமேல் இருந்தன.

டிக்பியின் வீட்டுச் சமையற்காரி சுட்டதைக் குள்ளர்கள் தொடவில்லை. கடைசியில் அவனே தெருவை உழுதுகொண்டு லவ்டேயின் கதவுக்கு வந்தான். வாசற்படிமேல் நின்ற அவளுடைய இடுப்புயரத்தில் அவன் முகம் இருந்தது.

"எனக்கும் ஒண்ணு சுட்டுக் குடுங்கக்கா. உங்க தம்பிக்கு நடந்தது தப்புதான்."

"தப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும், சின்ன முதலாளிக்கு?"

"கால் வலிக்குதுக்கா."

"கல்லு உடைச்சா கைதான் வலிக்கும். கால் வலின்னா எனக்கு என்னன்னே தெரியாதுய்யா" என்று கதவைச் சாத்தினாள்.

ஜோரி ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்துக்குப் போய்விட்டான். டிக்பியின் கல்யாணத்தில் பாதிரியார் மண்டியிட்டு ஆசீர்வதித்தார். அவன் போகும் வழியெல்லாம் பள்ளமானதால் ஊராட்சி அவனுக்குத் தனிப்பாதை ஒதுக்கியது. மழைக்காலத்தில் அதில் வாத்துகள் நீந்தின. 1931இல் அவன் இறந்தபோது, குழி வெட்டுபவன் தனக்குப் பாதி வேலைதான் என்றான். லவ்டே கறுப்பு உடுத்தி அடக்கத்துக்கு வந்தாள். மண் சமமாகும்வரை நின்றிருந்து, மேலே நன்றாக மிதித்துவிட்டுத் தேநீருக்கு வீடு திரும்பினாள்.