எண்ணெய் துடைத்த முகம்

பேரத்தில் தன்னைச் சாய்க்க திருப்பூரில் ஆள் இல்லை என்று பனியன் கம்பெனி வெள்ளியங்கிரி பெருமை பேசுவார். ஆப்பிரிக்காவில் மலாவியிலிருந்து வந்த கிரேஸம்மா காபி ஆறுவதற்குள் சாய்த்துவிட்டார். அறுபதைத் தாண்டிய அந்த அம்மா மேல் அவருக்கு மரியாதையே வந்துவிட்டது.

ஆர்டர் டி-சர்ட். மார்ச் மூன்று அவர்கள் நாட்டில் தியாகிகள் நாள். வெள்ளைக்காரனிடம் விடுதலை கேட்டு உயிர்விட்டவர்களுக்காக. அன்று சர்ச்சில் எல்லோரும் போட்டுக்கொள்ளவாம். நெஞ்சில் ஒரு வாலிபனின் முகம். யாரென்று வெள்ளியங்கிரி கேட்கவில்லை. போன மாதம் படம் மெயிலில் வந்தபோது எத்தனை கலர் என்று மட்டும் கேட்டிருந்தார்.

"உள்ளே ஒரு ரவுண்டு பார்த்துரலாங்களா?" என்று கூட்டிப்போனார். அவருடைய இங்கிலீஷிலும் 'ங்க' ஒட்டிக்கொண்டிருக்கும்.

டெய்லர் ரங்காத்தாள் ஓவர்லாக் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிரேஸம்மா அப்படியே நின்றார். ரங்காத்தாள் கையிலிருந்த துணியில் ஒரு கண், பாதி நெற்றி, கொஞ்சம் சிரிப்பு. அதன்மேல் கறுப்பு எண்ணெய்.

முன்கூட்டியே அடித்துப் பார்த்ததில் மை கசிந்துபோன முதல் லாட். ரிஜெக்ட் ஆனதை வெட்டி மிஷின் துடைக்கப் போடுவது இந்த ஊரில் யாரும் யோசித்துச் செய்கிற காரியமில்லை.

"என் அப்பா," என்றார் கிரேஸம்மா. "அவரைச் சுட்டபோது நான் அம்மா வயிற்றில். எங்களிடம் இருப்பது இந்த ஒரே போட்டோதான்."

வெள்ளியங்கிரியின் வாய் தானாகத் திறந்தது. "மேடம், அஞ்சு பர்சென்ட் குறைச்சுக்கலாமுங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"ஏனுங் மொதலாளி, அந்தம்மா எதுக்குங்க இந்தத் துணியவே பாக்குறாங்க?"

"அது அவங்க அய்யனாமா, ரங்காத்தா."

"அய்யோ சாமி! காத்தாலிருந்து இதுலதானுங்களே..." ரங்காத்தாள் முந்தானையால் அந்த முகத்தை ஒற்றினாள். எண்ணெய் இன்னும் பரவியது.

கிரேஸம்மா கைநீட்டித் துணியை வாங்கிக்கொண்டார். "மற்றதெல்லாம் எங்கே?"

வேஸ்ட் மூட்டை காலையிலேயே பல்லடம் ரோட்டு லாரி பட்டறைக்குப் போயிருந்தது.

"ஒண்ணு விடாம கொண்டாந்தர்றேனுங்க." எந்த மொழியில் சொன்னார் என்று வெள்ளியங்கிரிக்கே தெரியவில்லை. செருப்புகூட மாட்டாமல் வண்டியை எடுத்தார்.

பட்டறையில் மெக்கானிக் ஒருவன் அந்த வாலிபனின் வாயால் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தத் துணியெல்லாம் திருப்பிக் குடுத்துருங்க."

"கந்தலுக்கா இவ்வளவு அவசரம்?" மெக்கானிக் சிரித்தான். "என்ன வெல குடுப்பீங்க மொதலாளி?"

"நீங்க சொல்றதுதானுங்க தம்பி வெல," என்று வெள்ளியங்கிரி இரண்டு கையையும் ஏந்தி நின்றார்.