ஸ்பெக்ஸ் – வீட்டுக்கு – அவசரம்

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் அதை ஒரு வழி பண்ணாமல் விடமாட்டார். பதினொரு நாளாக அவர் வீட்டுக்கு ஒரு கணினி வாங்கிக்கொண்டிருந்தார். வாங்கிவிட்டாரா என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன ஸ்பெக்ஸோடு வாங்குவது என்பதே இன்னும் முடிவாகவில்லை. பல் தேய்க்கும்போது ப்ராசஸர், சாப்பிடும்போது ரேம். தூக்கத்தில்கூட ஏதோ ஜி.பி. கணக்குச் சொல்கிறார் என்று மனைவி சொன்னாள்.

கணினி அவளுக்குத்தான். ஒரு பதிப்பகத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறவள். ஓட்டல் பட்டியலோ மருந்து டப்பாவோ, எது கைக்கு வந்தாலும் அதில் விட்டுப்போன புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அதனால் கடைக்காரர் அவளுக்கு வைத்திருந்த பெயர் புள்ளியம்மா. அந்தப் புள்ளியம்மாவின் வேலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. பதிப்பகம் தாளைத் தலைமுழுகிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து எல்லாம் திரையில்தான்; திரையில் திருத்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் வேலை.

அதற்கு ஒரு தேர்வும் வைத்தார்கள். வேண்டுமென்றே இருபது பிழைகளைப் புதைத்து ஒரு நூலை அனுப்பினார்கள். மகள் வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன பழைய கணினியின் முன் உட்கார்ந்து புள்ளியம்மா திருத்தினாள். பதினைந்து அகப்பட்டது, ஐந்து தப்பித்தது. ஐந்தும் புள்ளி. அதில் ஒன்று முகப்பிலேயே இருந்தது. ‘முதியோர் கல்வி இயக்கம்’ என்று இருக்கவேண்டியது. லகரத்தின் தலையில் புள்ளி இல்லை. ‘முதியோர் கலவி இயக்கம்’ என்றே கம்பீரமாக அவளைத் தாண்டிப் போய்விட்டது.

“பரவாயில்லம்மா, ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்த்துடலாம்” என்றார் பதிப்பாசிரியர், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதையிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமையும் கோட்டை விட்டால் வேலை போச்சு.

கடைக்காரர் அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏம்மா, அந்த இயக்கத்துல சேர என்ன வயசு ஆகணும்? நான் வேணா பேரு குடுக்கட்டுமா?”

முதல் நாள் அவளும் சிரித்தாள். இரண்டாம் நாள் பேருக்குச் சிரித்தாள். மூன்றாம் நாள் பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சரி, இது விளையாட்டில்லை என்று அப்போதுதான் மனுஷனுக்கு உறைத்தது. உடனே ஆராய்ச்சியில் இறங்கி, குற்றவாளியையும் பிடித்துவிட்டார்.

“எல்லாம் இந்தக் கிழட்டு டப்பாவோட வேலை! புள்ளியையே காட்ட மாட்டேங்குது. உன் கண்ணுக்கு என்ன குறைச்சல்? கழுகுக் கண்ணு!”

கழுகுக் கண் என்பது அவருடைய பழைய பாட்டு. நாலு பேர் கூடினால் ஆரம்பித்துவிடுவார். “இந்த ஏரியாவுல பாதிப் பேர் மூக்குல நான்தான் கண்ணாடி மாட்டியிருக்கேன். என் வீட்ல மட்டும் எனக்கு வியாபாரமே கிடையாது, பாருங்க!” மனைவி பக்கத்தில் நின்று புன்னகை செய்வாள். ஆறேழு மாதமாக அவள் வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலோரத்தை விட்டு நகர்வதில்லை. தாளைக் கை நீட்டிப் பிடித்துக்கொள்கிறாள். அதைக் கடைக்காரரும் பார்க்காமல் இல்லை. காற்று வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவழியாக அவருக்கு ஞானம் பிறந்தது. திரை இருபத்தேழு அங்குலம். ரேம் பதினாறு. உள்ளே சேமிக்க ஐந்நூற்றுப் பன்னிரண்டு. மறந்துபோவதற்குள் கடையின் ஆர்டர் சீட்டிலேயே எண்களை மட்டும் கிறுக்கினார். மேலே ‘ஸ்பெக்ஸ் – வீட்டுக்கு – அவசரம்’ என்று தலைப்பும் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிச் சட்டம் உடைந்த ஒருவர் வந்து நின்றார். அவரைக் கவனித்து அனுப்பிய கையோடு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் கணினிக் கடைக்கு விறுவிறுவென்று கிளம்பிவிட்டார்.

அங்கே கணினிக்காரர் ஒரு இயந்திரத்தின் வயிற்றைப் பிளந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சார். இன்னைக்காவது ஸ்பெக்ஸ் முடிவாயிடுச்சா?”

“ஆயிடுச்சு! எழுதியே கொண்டு வந்துட்டேன்” என்று சட்டைப்பையில் கையை விட்டார். பேனா வந்தது. சீப்பு வந்தது. சீட்டு வரவில்லை.

“சார், இதோட நாலாவது தடவை வரீங்க” என்றார் கணினிக்காரர். “நீங்க போங்க. நான் கொஞ்ச நேரம் கழிச்சு உங்க கடைக்கே போன் பண்றேன்.”

கடைக்காரர் வழியில் ஒரு டீ குடித்துவிட்டு அசடு வழியத் திரும்பி வந்தார். கடையில் கண் சோதிக்கும் நாற்காலியில், வாசலுக்கு முதுகு காட்டி, சோதனைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பவர் அக்கா நின்றிருந்தாள். லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவதெல்லாம் இந்த அக்காதான். கடைக்காரருக்கு மூத்தவள், வாயிலும் மூத்தவள்.

“என்னக்கா, நான் அந்தப் பக்கம் போனதும் டாக்டராயிட்டீங்களா?” என்று சீண்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார். நாற்காலி திரும்பியது. மூக்கின் மேல் இரும்பு வட்டங்கள் இரண்டைச் சுமந்தபடி அவருடைய மனைவி அவரைப் பார்த்தாள்.

“நீ எங்கம்மா இங்க?”

“நீங்கதானே வரச் சொன்னீங்க?”

“நானா?”

“உங்க சீட்டு ஆர்டர் தட்டுல கிடந்துச்சு முதலாளி” என்றாள் பவர் அக்கா. “ஸ்பெக்ஸ், வீட்டுக்கு, அவசரம்னு போட்டிருந்தீங்க. வீட்டுக்குன்னா வீட்டம்மாவுக்குன்னுதானே அர்த்தம்? ஆனா நம்பர் தலையும் புரியல, வாலும் புரியல. அவசரத்துல கிறுக்கிட்டீங்கன்னு நினைச்சு, தங்கச்சிக்கே போன் போட்டு வரச் சொல்லிட்டேன்.”

கடைக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? கிட்ட வெச்சுப் படிச்சா எழுத்தெல்லாம் கலங்குதுங்க. தாளா இருந்தா தள்ளிப் பிடிச்சு ஒப்பேத்திட்டேன். அந்தத் திரையில ஒண்ணும் முடியல. உங்ககிட்ட சொல்லலாம்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க ஊரெல்லாம் கழுகுக் கண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கீங்க, எப்படிச் சொல்றது? கண்ணு போச்சுன்னா வேலையும் போச்சுன்னு வேற பயம். நீங்களே கவனிச்சு, நான் சங்கடப்படக் கூடாதுன்னு சத்தமில்லாம சீட்டு எழுதி வெச்சிருக்கீங்களே!”

கடைக்காரரின் பார்வை தட்டிலிருந்த சீட்டுக்குப் போனது. பவர் அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். ஏதோ புரிந்துவிட்டது போலக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கடைக்காரர் படிக்கும் அட்டையை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். லென்ஸ் இல்லாமல் படிக்கச் சொன்னார். அட்டை தானாகக் கை நீளத்துக்குப் போனது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் இந்த நாற்காலியில் இதே மாதிரி கையை நீட்டுகிறார்கள். நீட்டிய உடனே வயதைச் சொல்லிவிடுவார், மனுஷன். வீட்டில் ஆறேழு மாதமாக நீண்ட கை அவர் கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு, அப்படியொரு வெட்கம்.

“கடைசி வரி படி.”

“எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

பவர் ஒன்று போட்டார். ஒன்றே கால் போட்டார். ஒன்றரை போட்டதும் நீட்டிய கை மடங்கியது. அட்டையை மடிக்குக் கொண்டுவந்து கடைசி வரியைச் சரசரவென்று படித்தாள். படித்துவிட்டு, “புள்ளி தெரியுதுங்க” என்றாள். “ஒவ்வொண்ணும் தெரியுது.” கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கடைத் தொலைபேசி அடித்தது. அக்கா எடுத்தாள்.

“முதலாளி, கம்ப்யூட்டர் கடைலேருந்து. ஸ்பெக்ஸ் என்னன்னு கேக்குறாரு.”

கடைக்காரர் நினைவெல்லாம் மனைவியின் கண்ணில் இருந்தது. “ஒன்றரை” என்றார்.

“ஒன்றரையாம்” என்று அக்கா போனில் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். “ஒன்றரை டி.பி. டிஸ்க் வராதாம். ஒண்ணு, இல்லன்னா ரெண்டுதானாம்.”

மனைவி அட்டையைக் கீழே வைத்தாள்.

“என் கண்ணு பவர் கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு எதுக்கு?”

இனி மறைத்துப் பயனில்லை. கடைக்காரர் அவளுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்தச் சீட்டு கம்ப்யூட்டருக்கு எழுதினதும்மா. நான் கவனிக்கல. ஊர்க் கண்ணையெல்லாம் பார்த்தேன், உன் கண்ணைப் பார்க்கல. தப்புதான்.”

அக்கா போனை வைத்துவிட்டு, இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். மனைவி தட்டிலிருந்த சீட்டை எடுத்துச் சோதனைக் கண்ணாடி வழியாகப் படித்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று அவர் பயந்தபோது அவளுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது.

“ஐந்நூத்திப் பன்னண்டு! ஏங்க, இந்தப் பவர்ல கண்ணாடி போட்டா நான் நிலாவுல விட்டுப்போன புள்ளியையே கண்டுபிடிச்சிருவேன்!”

சீட்டை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பவர் அக்கா அன்று சாயங்காலத்துக்குள் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் ஏற்றிக் கொடுத்தாள். அவசரம் என்று சீட்டில் போட்டிருந்ததல்லவா.

வெள்ளிக்கிழமை மனைவி அதே கிழட்டு டப்பாவின் முன் உட்கார்ந்தாள். கடைக்காரர் கடைக்குப் போகவில்லை. அடுப்படியில் இருந்த டம்ளர்களையெல்லாம் இரண்டு தடவை கழுவினார். மூன்றாம் தடவை கழுவும்போது போனில் பதிப்பாசிரியர் பேசும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஓடி வந்தார்.

“அம்மா, நாங்க வெச்சது இருபது. நீங்க இருபத்திரண்டு அனுப்பியிருக்கீங்களே?”

“மிச்சம் ரெண்டு நீங்க நூலோட சேர்த்து அனுப்பின கடிதத்துல இருந்துச்சு சார்” என்றாள் அவள், அவரைவிட மரியாதையாக. “ரெண்டும் புள்ளி.”

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. அப்புறம், அடுத்த மாதத்துக்கு முதல் நூல் திங்கட்கிழமை வரும் என்றார் பதிப்பாசிரியர்.

கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. “இப்பவே போய் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிட்டு வந்துடறேன்! இருபத்தேழு இன்ச்! எங்க, அந்தச் சீட்டைக் குடு.”

“கண்ணாடிக் கூட்டுல இருக்கு, எடுத்துக்கோங்க.”

கூட்டைத் திறந்தார். சீட்டு நாலாக மடித்து உள்ளே இருந்தது. பிரித்துப் பார்த்தார். இருபத்தேழு, பதினாறு, ஐந்நூற்றுப் பன்னிரண்டு, மூன்றின் மேலும் சிவப்புக் கோடு இழுத்து, ஓரத்தில் நீக்கற்குறி போட்டிருந்தாள். அவர் அவசரத்தில் ‘வீடடுக்கு’ என்று எழுதியிருந்த இடத்தில் விட்டுப்போன புள்ளியையும் வைத்திருந்தாள். கோடு படாமல் மிச்சம் இருந்தது மேல் வரி மட்டும்தான்.

‘ஸ்பெக்ஸ் – வீட்டுக்கு – அவசரம்.’

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினாள்.

“திருத்திட்டேன்” என்றாள். “இப்ப நான் முதல்ல நினைச்ச மாதிரியே இருக்கு.”