எர்னா வைத்த மிச்சம்

எர்னாவின் தாடை நனைந்திருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வாரம் ஒன்றாக மெழுகுவத்தி ஏற்றுகிற வளையத்தில் இரண்டாவதை ஏற்றுகிற ஞாயிற்றுக்கிழமை அது. என் புருஷன் டெட்லெஃப் காப்பிக் கோப்பைகளை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் கூண்டுக்குள் மணல் கிண்ணத்தை வைத்தேன். எர்னாவும் வில்மாவும் எங்கள் டெகுக்கள். எலியைவிடப் பெரிது, அணிலைவிடக் குண்டு, வால் நுனியில் ஒரு குஞ்சம். மற்ற நாளில் மணலைப் பார்த்தால் இரண்டு பேரும் முட்டி மோதிக்கொண்டு புரளுவார்கள். அன்றைக்கு வில்மா மட்டும் புரண்டாள். எர்னா முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

கையில் எடுத்தேன். பஞ்சு போல இருந்தாள். கேக் மாவு நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தால் நூற்று எண்பத்திரண்டு கிராம். போன மாதம் முதல் தேதி இருநூற்று முப்பத்தொன்று. மாதாமாதம் முதல் தேதி எடை போட்டுவிடுவேன். இந்த மாதம் இரட்டை ஷிஃப்ட், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உதட்டை விலக்கிப் பார்த்தேன். டெகுவின் முன்பல் கேரட் நிறத்தில் இருக்க வேண்டும். இவள் பல் சாயம் போன துணி மாதிரி வெளுத்திருந்தது.

"டெட்லெஃப்! என்னத்தயா குடுத்த இவளுக்கு?"

"நான் ஒண்ணும் குடுக்கலயே."

"பொய் சொல்லாத. பிஸ்கட் குடுத்தியா? கிறிஸ்துமஸ் கேக்ல இருந்து திராட்சைய நோண்டிக் குடுத்தியா? இனிப்பு இதுங்களுக்கு விஷம்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

"சத்தியமா இல்ல கெசீனா."

"உன் சத்தியத்தத் தூக்கி அடுப்புல போடு."

நான் இருபத்தாறு வருஷமாக ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் டிராம் ஓட்டுகிறவள். தண்டவாளத்தில் ஆள் நின்றால் மணியடிப்பதற்கு முன்னால் என் குரல் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டிலும் அதே குரல்தான்.

ஞாயிற்றுக்கிழமை எந்த மிருக டாக்டர் இருப்பார்? முதல் இடத்தில் நாயும் பூனையும் மட்டும்தான் பார்ப்பார்களாம். இரண்டாவது இடத்தில் ஒருவன், "டெகுன்னா, கிளியாங்க?" என்று கேட்டான். மூன்றாவது இடத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான்காவதாக ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "உடனே கொண்டாங்க. மயக்க மருந்து குடுக்க வேண்டியிருக்கும்னு பட்டினி போட்டுடாதீங்க. கூட இருக்கறவளயும் கொண்டாங்க. இவ வேற வாசனையோட திரும்பி வந்தா அவ கடிச்சுடுவா."

டிராமில்தான் போனோம். பெட்டியைக் கம்பளித் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஓட்டிக்கொண்டிருந்தவன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓடி வருகிற கிழவிகளுக்காகக் காத்து நின்றான். நானும் அப்படித்தான் நிற்பேன், ஆனாலும் அன்றைக்கு அவனை மனதுக்குள் சபித்தேன். வாய்விட்டுத் திட்டியதெல்லாம் டெட்லெஃபை. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். கடைசியில் எதிர் இருக்கை அம்மாள் பொறுக்கமாட்டாமல், "விட்டுடும்மா, அந்த மனுஷன் அடுத்த நிறுத்தத்துல குதிச்சுடப் போறாரு" என்றாள்.

டாக்டர் வெய்க்கர்ட் என்கிற அந்தப் பெண் எர்னாவின் வாய்க்குள் மெல்லிய குழல் விளக்கை விட்டு நெடுநேரம் பார்த்தாள்.

"என்ன சாப்பிடுறா?"

"காய்ஞ்ச புல்லு, மூலிகை. தெனம் சாயங்காலம் ஆளுக்கு ஒரு துண்டு காய்ஞ்ச ரொட்டி, பல்லு தேயறதுக்கு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் ரொட்டியைக் குப்பையில் போடுகிற பழக்கமே கிடையாது. மிஞ்சினதெல்லாம் சமையலறைக் கதவுக் கைப்பிடியில் தொங்குகிற துணிப்பைக்குள் போய்க் கல்லாகக் காயும். என் அப்பா தன் முயல்களுக்கு அதைத்தான் போட்டார். எங்கள் தெருவில் முயல் வைத்திருந்த அத்தனை பேரும் அதைத்தான் போட்டார்கள்.

"ரொட்டி எவ்வளவு கல்லா இருந்தாலும் எச்சில் பட்டா கூழுதாங்க" என்றாள் டாக்டர். "பல்லத் தேய்க்கறது புல்லுதான். நாள் முழுக்க அரைக்கணும். ரொட்டில வயிறு ரொம்பிட்டா புல்ல எதுக்கு அரைக்கப் போறா? கடைவாய்ப் பல்லு வளந்து கூராகி நாக்கக் கிழிச்சிருக்கு. பசிக்குது, மெல்ல முடியல."

பல்லுக்கு நல்லதென்று நானே ஒவ்வொரு துண்டாகக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மெல்ல முடியலன்னா ரொட்டிய எப்படித் தின்னா? காலைல பாத்தா கிண்ணம் காலியா இருந்துச்சே!"

டெட்லெஃப் தன் காலணியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"தின்னல. வில்மா தன் துண்டோட நிறுத்திடறா, இவ ரெண்டு வாரமா தன்னோடத அப்படியே மிச்சம் வைக்கிறா. நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி நான்தான் எடுத்துக் குப்பையில போட்டேன்."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கத்துவ. நான்தான் பிஸ்கட் குடுத்து வயித்த ரொப்பிட்டேன்னு கத்துவ."

மத்தியானத்திலிருந்து நான் கத்திக்கொண்டிருந்ததே அதைத்தானே.

மயக்கம் கொடுத்துப் பல்லை ராவ வேண்டும், இந்த எடையில் எழுந்திருப்பாளா என்பது சந்தேகம்தான் என்றாள் டாக்டர். தலையாட்டினேன். வெளியே பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பெட்டிக்குள் வில்மா நிறுத்தாமல் சீழ்க்கையடித்து எர்னாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பயந்தேன். அத்தனை பயம் எனக்கு எந்தத் தண்டவாளத்திலும் வந்ததில்லை.

எர்னா எழுந்தாள். "பல்லு சரியாயிடுச்சு, இனி புல்லு மட்டும்தான்" என்றாள் டாக்டர். "ஆனா தானா மென்னு தின்னாத்தான் பொழைப்பா. அதுவரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஊசிக்குழாய்ல கூழு ஊட்டுங்க. தெனம் எட போடுங்க."

வீட்டுக்கு வந்ததும் ரொட்டிப் பையைக் கதவிலிருந்து கழற்றினேன். எனக்கு ஷிஃப்ட் இருந்ததால் பகலெல்லாம் டெட்லெஃப்தான் ஊட்டினான். திங்கட்கிழமை டிராமைக் கடைசி நிறுத்தத்தில் போட்டிருக்கும்போது போன் வந்தது.

"மூணு கிராம் கொறைஞ்சிருக்கு" என்றான். சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குக் கேட்டது.

கத்தல் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன். "சரிய்யா. சொன்னியே, அது போதும்."

செவ்வாய்க்கிழமை இன்னும் ஒரு கிராம் குறைந்தது. அதையும் மறைக்காமல் சொன்னான். புல்லை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாளாம்.

புதன்கிழமை போன் வரவில்லை. ஒன்பது மணி, பதினொன்று, ஒன்று. கடைசி நிறுத்தத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கூப்பிடத் துணிவில்லை. சொல்ல முடியாத சேதி என்றால்தானே மனுஷன் பேசாமல் இருப்பான்? திரும்பி வரும்போது எந்த நிறுத்தத்தில் யார் ஏறினார்கள், இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நான்கு மாடியும் ஏறினேன்.

டெட்லெஃப் சட்டையெல்லாம் கூழோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்யா கூப்பிடல?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நீ கண்ணால பாக்கணும்னு நெனச்சேன்" என்றான். "பாதிதான் தின்னா. மிச்சம் வச்சுட்டா. நான் தூக்கிப் போடல."

மேசை நடுவில், மெழுகுவத்தி வளையத்துக்குப் பக்கத்தில், விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற பீங்கான் தட்டு ஒன்று இருந்தது. அதில் விரல் நீளத்துக்கு ஒரே ஒரு புல். அதன் ஒரு நுனி மட்டும் மெல்லப்பட்டு இன்னும் ஈரமாக இருந்தது.