தார்ப்பாய்க்காரன் தைத்த பூனைக் காது

டிரைவர் ஆண்டவர் தன் சிமென்ட் லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, கிழிந்த தார்ப்பாயைத் தோளில் சுமந்துகொண்டு கொட்டகைக்குள் நுழைந்தபோது, வீரமுத்து தலையில் இரண்டு பூனைக் காதுகளோடு உட்கார்ந்திருந்தான். நெற்றிக்கு மேலே ஏறிப் பின்மண்டையைச் சுற்றிப் பிடிக்கிற ஒரு கறுப்புத் துணிப் பட்டை. அதன் உச்சியில் முக்கோணமாக இரண்டு காதுகள். தூணில் ஆணியடித்து மாட்டியிருந்த பழைய லாரிக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக உதறினான். பட்டை அசையவில்லை. குனிந்து நிமிர்ந்தான். அப்போதும் அசையவில்லை. மீசை வைத்த, தார் வாசம் அடிக்கிற ஓர் ஆள், பட்டப்பகலில் இப்படி ஒரு காரியம் செய்வதைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்.

"என்னப்பா வீரமுத்து, நாடகத்துல சேந்துட்டியா" என்றார் ஆண்டவர்.

"பாப்பாவுக்குண்ணே. நம்ம தலையில நின்னா அது தலையிலயும் நிக்கும்ல" என்றான் வீரமுத்து. சொல்லிவிட்டுத்தான் கழற்றினான். பூனைக் காது போனதும் அவன் வழுக்கைத் தலை பழையபடி வழவழவென்று மின்னியது.

ஆலத்தியூர் சிமென்ட் ஆலைக்கு வந்துபோகிற லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது அவன் தொழில். அவன் போட்ட தையல் காற்றுக்கும் மழைக்கும் பிரிந்ததாகப் பேச்சே கிடையாது. ஆனால் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டை தைப்பதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. எல்லாம் மகளுடைய மொட்டையால் வந்த வினை. அந்த மொட்டை அவனால் வந்த வினை.

போன மார்கழியில் அவன் மனைவி மலர்கொடிக்கு இடது மார்பில் கட்டி என்று திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. அன்று காலை, அம்மா இல்லாத வீட்டில், மகள் பூங்குழலிக்கு முதன்முதலாக அவன் தலை பின்னிவிட்டான். கோணலும் மாணலுமாக வந்த அந்த ஒற்றைச் சடையோடு அவளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினான். ஆபரேஷன் அறைக் கதவு சாத்தியபிறகு நடையில் நின்றவன் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினான். உள்ளங்கையில் மகளின் தேங்காய் எண்ணெய் வாசம் அப்படியே இருந்தது. மலரைப் பிழைக்க வைத்துவிடு, என் மகள் முடியை உனக்கு இறக்குகிறேன் என்று வாலிகண்டபுரத்துப் பக்கம் இருக்கிற குலதெய்வம் செல்லியம்மனுக்கு அங்கேயே வேண்டிக்கொண்டான். தன் முடியை வேண்டிக்கொள்ள வழியில்லை. அது கல்யாணமான மறு வருஷமே, யாருடைய வேண்டுதலும் இல்லாமல், தானாக இறங்கிவிட்டிருந்தது.

பிறகு அந்த முடியைத் தினமும் பின்னியவனும் அவன்தான். மலர்கொடியால் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. சுவரில் விரல்களை எறும்பு ஏறுகிற மாதிரி மேலே மேலே ஏற்றிப் பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். அடுப்படிச் சுவரில், காலண்டர் ஆணியைக் குறியாக வைத்து, காலையும் மாலையும் ஏற்றுவாள். விரல் தோள் மட்டத்தில் நின்றுவிடும். ஆகவே சீப்பும் எண்ணெயும் வீரமுத்துவின் கைக்கு வந்தன. கயிறு முறுக்கிய கைக்குச் சடை சீக்கிரமே படிந்துவிட்டது. ரெட்டைச் சடை போட்டு, ரிப்பனை மடித்துக் கட்டி, வாசல் வரைக்கும் வந்து அழகு பார்ப்பான். மாத்திரை மட்டும் போதும், வேறு வைத்தியம் வேண்டாம் என்று டாக்டர் சொன்ன வாரமே, தெய்வக் கடனைத் தள்ளிப்போடக் கூடாது என்று மகளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பொங்கல் வைக்கப் போகிறோம் என்று மட்டுமே அவளிடம் சொல்லியிருந்தான். நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்தபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

கோபத்தில் அவள் அழவில்லை, சோறு வேண்டாமென்று சொல்லவில்லை. அப்பாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். வா, போ என்று அவனை ஏவிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்புக்காரி, "அவங்களச் சாப்பிட வரச் சொல்லுங்கம்மா" என்று மரியாதை கொடுக்க ஆரம்பித்தாள். அந்த மரியாதை வீரமுத்துவை அறைந்தது போல இருந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கென்றே பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவும் வந்து சேர்ந்தது. பூனை டான்ஸில் பூங்குழலியும் ஒரு பூனை. ஹேமலதா டீச்சர் தன் கைக்காசில் எல்லாருக்கும் காது வைத்த பிளாஸ்டிக் ஹேர்பேண்ட் வாங்கிவந்திருந்தார். மற்ற பிள்ளைகளுக்கு அது முடியைக் கவ்விக்கொண்டு நின்றது. பூங்குழலியின் சந்தனம் பூசிய மொட்டையில் வைத்தால் நழுவி மூக்கில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் நல்ல மனசோடுதான் வேறு வழி யோசித்தார். சில்வர் பேப்பர் ஒட்டிய அட்டைக்குள்ளே உட்கார்ந்தால் தலை வெளியே தெரியாது, பூனைகள் எல்லாம் உன்னைத்தான் சுற்றிச் சுற்றி வரும் என்று சொல்லி அனுப்பினார்.

"நான் பூனை இல்லியாம்மா. பால்சட்டியாம்" என்று பூங்குழலி வந்து சொன்னபோது வீரமுத்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். மறுபடியும் மாட்டிக்கொண்டு கொட்டகைக்கே திரும்பிப் போய்விட்டான்.

அடுத்த நாள் பெரம்பலூருக்கு பஸ் ஏறினான். நழுவாமல் தலையைப் பிடிக்க வேண்டுமென்றால் இழுத்தால் நீளுகிற துணி வேண்டும். நடைபாதைக் கடையில் கறுப்பு லெகிங்ஸ் ஒன்றை எடுத்து இழுத்து இழுத்துப் பார்த்தான். யாருக்கு, என்ன சைஸ் என்று கடைக்காரப் பெண் கேட்டதற்குத் தலைக்கு என்றான். அந்தப் பெண் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

கொட்டகையில் உட்கார்ந்து லெகிங்ஸின் ஒரு காலை வெட்டினான். தார்ப்பாய் மிஷினில் கொடுத்ததும் தடித்த ஊசி துணியில் ஓட்டை ஓட்டையாகப் போட்டுத் தள்ளியது. ஒவ்வொரு ஓட்டையும் இழை விட்டு ஓடியது. மிஷினை விட்டுவிட்டுச் சின்ன ஊசியால் கையிலேயே தைத்தான். நேர்கோடாக, நெருக்கமாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. தலையில் மாட்ட இழுத்தபோது துணி நீண்டது, நூல் நீளவில்லை, பட்பட்டென்று அறுந்தது. அவன் இத்தனை காலம் தைத்ததெல்லாம் அசையக் கூடாது, இளகக் கூடாது என்று இழுத்துக் கட்டுகிற சாமான். இதுவோ விட்டுக்கொடுத்தால்தான் நிற்கும் என்கிறது. ஊசியைச் சாய்த்துச் சாய்த்து, நூலைக் கொஞ்சம் தளர விட்டுத் தைத்துப் பார்த்தான். இழுத்தான். தையலும் கூடவே நீண்டு, விட்டதும் திரும்பி வந்தது. காதுக்குள்ளே தார்ப்பாய்த் துண்டை முக்கோணமாக வெட்டிச் செருகினான். காது விறைத்துக்கொண்டு நின்றது. அதைத்தான் ஆண்டவர் பார்த்தார்.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனான். பூங்குழலி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மலர்கொடிதான் கெஞ்சிக் கூத்தாடி அவள் தலையில் அதை மாட்டினாள். பட்டை நெற்றியைக் கடந்து, மூக்கைக் கடந்து, நேராகக் கழுத்தில் போய் மாலையாக விழுந்தது. தார்ப்பாய்க்குச் சுமையைவிடப் பெரிதாக வெட்டுவதுதான் வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தில் மகள் தலைக்கும் நாலு விரல் தாராளமாக விட்டிருந்தான். துணி வேறு நீளும் துணி. தன் தலைக்குச் சரியாக இருப்பதைப் பார்த்துக் குதித்தவனுக்கு, மகளுக்குத் தன் தலை இல்லை என்பது உறைக்கவில்லை.

மலர்கொடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூங்குழலி சிரிக்கவில்லை. கழுத்திலிருந்து அதை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். கோயிலிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"என்னைய ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

காதைப் பற்றிக் கேட்கிறாளா என்று ஒரு கணம் நினைத்தான். இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது. சாமி காரியம், நேர்த்திக்கடன், பெரியவங்க பார்த்துச் செய்வது என்று வாயில் தயாராக இருந்த பதிலைத் தள்ளிவிட்டு நடந்ததைச் சொன்னான்.

"கேக்கணும்னு தோணல தங்கம். அம்மா உள்ள இருந்துச்சு. என் கையில உன் தலை எண்ணெய் வாசந்தான் இருந்துச்சு. வேற என்ன குடுக்கிறதுன்னு தெரியல."

பூங்குழலி காதில் செருகியிருந்த தார்ப்பாயை வெளியே இருந்தே நெரித்துக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்குன்னு சொல்லிருந்தா நானே குடுத்திருப்பேன்ல" என்றாள். குரல் கடைசியில் உடைந்தது.

முடியை எடுத்துக்கொண்டது தப்பில்லை, அவள் கொடுத்திருக்க வேண்டியதைத் தான் எடுத்துக்கொடுத்ததுதான் தப்பு என்று வீரமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது. மலர்கொடியும் சிரிப்பை விட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அடுப்பில் உலை கொதித்து மூடியைத் தள்ளியது. யாரும் எழுந்து போகவில்லை.

கொஞ்சநேரம் கழித்து அவன் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான். எடுத்தவன் அப்படியே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னொரு கால் துணி மிச்சம் இருக்கு. தலைய அளந்துக்கவா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பிறகு நகர்ந்து வந்து அவன் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தலை பின்ன உட்காருகிற அதே இடம், அதே உட்காரல். மொட்டைத் தலையில் முடி கறுப்பு மணலாக அரும்பத் தொடங்கியிருந்தது. நாடாவைச் சுற்றியபோது அது அவன் விரலில் குத்தியது. இந்தத் தடவை அளவைவிடக் குறைத்து வெட்ட வேண்டும் என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டான். இறுக்கமாக இருக்கலாமா, காது எவ்வளவு உயரம், உள்பக்கம் என்ன கலர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். காது சின்னதாக, உள்ளே ரோஸ் கலரில் வேண்டும் என்றாள். மலர்கொடி தன் பழைய ஜாக்கெட்டின் உள்துணியைக் கிழித்துக் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் மாட்டிப் பார்த்தபோது பட்டை கச்சிதமாகப் பிடித்தது. குதித்தாள், உருண்டாள், கட்டில் மேலிருந்து தலைகீழாகத் தொங்கினாள். காது கழலவில்லை. வீரமுத்து நிம்மதியாக மூச்சு விட்டான். அப்போதுதான் அவள் தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"அந்தப் பெரிசு இருக்குல்ல, அத நீ விழாவுக்குப் போட்டுக்கிட்டு வரணும். அப்பத்தான் ஆடுவேன். உனக்கும் மொட்டை, எனக்கும் மொட்டை. நான் இப்ப உன்னையக் கேட்டுட்டேன்."

நீ என்று அவள் சொன்ன குளிர்ச்சியில் அவன் எதற்கு என்று யோசிக்காமல் சரி என்று தலையாட்டிவிட்டான்.

ஆண்டு விழா அன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊரே வந்திருந்தது. ஆலை ஷிப்டு முடிந்து வந்தவர்கள், அவனிடம் தார்ப்பாய் தைக்கிற டிரைவர்கள், முன்வரிசையில் துண்டு போட்ட பெரிய மனிதர்கள். வீரமுத்து மலர்கொடியின் இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே பூனைக் காது மடங்கிக் கிடந்தது. தலைமையாசிரியர் பேசினார், பரிசு கொடுத்தார்கள். பெரிய மனிதர்கள் எல்லாம் எழுந்து போன பிறகு போட்டுக்கொள்ளலாமா, விளக்கை அணைப்பார்களா என்றெல்லாம் அவன் மனசு குறுக்கு வழி தேடியது. இவ்வளவு பெரிய ஊரில் நாளைக்கு எப்படித் தலை காட்டுவது. விளக்கை யாரும் அணைக்கவில்லை.

பூனைகள் மேடைக்கு வந்தன. கன்னத்தில் மையால் மீசை, பின்னால் துணி வால். ஓரத்தில் பூங்குழலி, புதுக் காதைப் பார்த்ததும் டீச்சர் அவளை மறுபடியும் பூனையாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். முடியில்லாத தலையில் கறுப்புப் பட்டை அழுத்தமாகப் பிடித்திருக்க, ரோஸ் காதுகள் இரண்டும் நேராக நின்றன. பாட்டுப் போட்டார்கள். மற்ற பூனைகள் கையை மடக்கிக்கொண்டு பாய்ந்தன. பூங்குழலி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கண் வரிசை வரிசையாகக் கூட்டத்தைத் தேடிக்கொண்டு வந்தது. மேடையின் ஓரத்திலிருந்து ஹேமலதா டீச்சர் கையைக் காட்டி ஆடு ஆடு என்றார். அவள் அசையவில்லை.

வீரமுத்து சட்டைப் பைக்குள் கையை விட்டான். பட்டையை உருவி, இரண்டு கையாலும் விரித்து, தலையில் மாட்டிக்கொண்டான். பின்வரிசையில் ஒருவர் பக்கென்று சிரித்தார். சிரிப்பு பக்கத்து வரிசைக்கும் பரவியது. எங்கிருந்தோ ஆண்டவர் ஒரு விசில் அடித்தார். வீரமுத்து யாரையும் திரும்பிப் பார்க்காமல், முதுகை நிமிர்த்தி, மேடையிலிருந்து நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தான். காது இரண்டும் சூடாக இருந்தன, அவனுடைய சொந்தக் காதுகள்.

மேடையில் பூங்குழலியின் கண் அவன்மேல் வந்து நின்றது. மைமீசை விரிந்தது. அடுத்த நிமிடம் பாட்டுக்கு நடுவில் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு பூனைக் கூட்டத்துக்குள் பாய்ந்தாள்.

"வலது காது மடங்கிருக்குங்க" என்றாள் மலர்கொடி.

மேடையிலிருந்து பார்வையை எடுக்காமலேயே அவள் அவன் பக்கம் கையை நீட்டினாள். அது இடது கை. தோளைத் தொட்டது, தோளைத் தாண்டியது, அவன் கன்னத்துக்கு மேலே ஏறியது. கை எங்கே வந்திருக்கிறது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. சொன்னால் இறக்கிவிடுவாளோ என்று வீரமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுத்தை அசைக்காமல் இருந்தான். கண்ணீரில் மேடை கலங்கி, எந்தப் பூனை தன் பூனை என்று தெரியாமல் போனது. மலர்கொடி அவன் தலைக்கு மேலே, மடங்கிப்போன காதை இரண்டு விரலால் நீவி நீவி நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.